பந்திங் பக்கம் கூரை சோலார்: எத்தனை பேனல், எவ்வளவு மிச்சம், எங்கே கெடும்?

தாமான்வாசி:
மலேசியா, சிலாங்கூரில் பந்திங்கிலிருந்து மோரிப் கடற்கரைக்குப் போகிற பக்கத்துத் தாமான்களில் (குடியிருப்புகளில்) இப்போது சோலார் விற்பனையாளர்கள் வீடு வீடாக வருகிறார்கள். கேள்வி இதுதான். ஒற்றை மாடி வரிசை வீடு, ஓட்டுக் கூரை, சிங்கிள் பேஸ், மாதம் சுமார் 800 யூனிட். ஒருவர் 6 பேனல் போதும் என்கிறார், இன்னொருவர் 9, மூன்றாமவர் 12. மிஞ்சும் மின்சாரத்தைப் பில்லில் கழிக்கும் பழைய நெம் திட்டத்தில் முன்பே போட்டவர்கள் சொல்கிற மிச்சம் இப்போதும் கிடைக்குமா? கடல் காற்றும் செம்பனை ஆலைப் புகையும் சேர்ந்து வருகிற இடத்தில் எதைப் பார்த்து வாங்க வேண்டும்? "போட்டா லாபம்தான் லா" என்கிற பதில் வேண்டாம். விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

கணக்கப்பிள்ளை:
முதலில் நெம் கணக்கைத் தூக்கி ஓரமாக வையுங்கள். நெம் 3.0 2025 ஜூன் 30-ஆம் தேதியோடு மூடியாச்சு. அதில் 1 யூனிட் தெனாகாவுக்கு (மின்சார நிறுவனத்துக்கு) அனுப்பினால் 1 யூனிட் கழியும், மிஞ்சினது அடுத்த மாதத்துக்கும் போகும். பகலில் வீடு பூட்டிக் கிடந்தாலும் கவலையில்லை. அதனால் "பில்லைக் காட்டுங்க, பேனல் எண்ணிக்கை சொல்றேன்" என்பது அன்றைக்குச் சரியான வியாபாரம்.

2026 ஜனவரி 1 முதல் சோலார் அட்டாப். (நம் பாட்டி காலத்து அத்தாப்புக் கூரை இல்லை, திட்டத்தின் பெயர்.) வீடுகளுக்கு இதில் அனுப்புகிற யூனிட்டுக்கு எரிசக்திக் கட்டணம் மட்டும்தான் வரவு: மாதம் 1,500 யூனிட் வரை பயன்படுத்தும் வீட்டுக்கு 27.03 காசு. அந்த மாதப் பில்லில் கழித்த பிறகு மிஞ்சினால் அது போனது போனதுதான், அடுத்த மாதத்துக்கு வராது. சிங்கிள் பேஸுக்கு 5 கிலோவாட், திரீ பேஸுக்கு 15 கிலோவாட் வரம்பு.

வாங்குகிற யூனிட்டோ வேறு விலை. 2025 ஜூலை முதல் எரிசக்தி 27.03, கொள்ளளவு 4.55, கம்பிவடம் 12.85, மொத்தம் 44.43 காசு. அதிலிருந்து சிக்கன ஊக்கத்தொகை கழியும். அது படிப்படியாகக் குறைகிற தொகை: 200 யூனிட் வரை 25 காசு, 501–550 படியில் 10.5 காசு, 751–800 படியில் 4 காசு, 1,000-க்கு மேல் ஒன்றுமில்லை. எந்தப் படியில் விழுகிறீர்களோ அந்தக் கழிவு முழு யூனிட்டுக்கும் பொருந்தும். இங்கேதான் விஷயம் இருக்கிறது.

உங்கள் 800 யூனிட்டை எடுப்போம். 44.43 கழித்தல் 4 என்றால் 40.43 காசு. 800-க்கு 323.44 வெள்ளி (ரிங்கிட்), சில்லறைக் கட்டணம் 10, ஆக 333.44. பகலில் சோலாரிலிருந்து நேராக 250 யூனிட்டை வீடே தின்றுவிட்டால் மீட்டர் வழி வருவது 550. அதற்கு 33.93 காசு வீதம் 186.62 வெள்ளி. 600-க்குக் கீழே வந்ததால் அந்த 10 வெள்ளியும் போனது. மிச்சம் 146.82. அதாவது வீட்டுக்குள் செலவான ஒரு யூனிட் உங்களுக்கு 58.7 காசு சம்பாதித்துக் கொடுத்தது, வெளியே போன யூனிட் 27.03 காசு. 600-க்கு மேற்பட்ட யூனிட்டுக்கு வரும் 8 விழுக்காடு சேவை வரியையும், மாதாமாதம் ஏறி இறங்கும் எரிபொருள் சரிக்கட்டலையும் இதில் நான் சேர்க்கவே இல்லை.

6, 9, 12 என்று சொன்ன மூவரில் எவராவது "பகலில் வீட்டில் யார் இருப்பாங்க?" என்று கேட்டாரா?

தாமான்வாசி:
கேட்கவில்லை அண்ணே. மூவரும் பில்லை மட்டும்தான் பார்த்தார்கள்.

மோரிப் அக்கா:
அதைத்தான் முதலில் கேட்கணும். ஆறு மணிப் பெரட்டுக்கு (தோட்டத்தில் காலை ஆள் கணக்கெடுப்புக்கு) போகிற வீடு ஒரு மாதிரி, பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டு தாத்தா பாட்டி இருக்கிற வீடு வேறு மாதிரி.

ஒரு வாரத்துக்கு காலை 8 மணிக்கும் மாலை 6 மணிக்கும் மீட்டரைப் பார்த்து ஒரு தாளில் எழுதுங்கள். ஞாயிறு கட்டாயம் சேரணும். ஆள் இல்லாத பகலில் குளிர்பெட்டி, வைஃபை, தூங்குகிற டிவி எல்லாம் சேர்ந்தாலும் ஒன்றரை இரண்டு யூனிட்தான் ஓடும். 250 யூனிட் என்றால் நாளைக்கு 8-க்கு மேல் வேணும். ஒரு குதிரைத்திறன் இன்வெர்ட்டர் ஏர்கான் பகலில் நாலு மணி நேரம் போனால் இரண்டு, இரண்டரை. துணி இயந்திரம் பச்சைத் தண்ணீரில் ஒரு சுற்றுக்கு அரை யூனிட்கூட வராது. சோறு, கிரைண்டர், இஸ்திரி மூன்றும் சேர்ந்து ஒன்று, ஒன்றரை. ஆக, ஆள் இல்லாத வீட்டில் 250 என்பது கனவு.

நேரத்தை மாற்ற முடிந்தது, முடியாதது இரண்டையும் பிரித்துக்கொள்ளுங்கள். துணி துவைக்கிறதையும் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுகிறதையும் டைமரில் 11 மணிக்குத் தள்ளலாம். இட்லி மாவு ஆட்டுவதையும் ஞாயிறு மதியத்துக்குக் கொண்டுவரலாம். ராத்திரி ஏர்கானை எதுவும் செய்ய முடியாது. ஹீட்டர் குளியலும் அப்படித்தான். 3.6 கிலோவாட் ஹீட்டரை விடியற்காலை 5 மணிக்குப் போட்டால் சோலாருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

ஒன்றை மட்டும் கவனியுங்கள்: எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போடாதீர்கள். 11 மணிக்குக் கூரை 3.5 கிலோவாட் கொடுக்கும்போது ஏர்கான், இஸ்திரி, கெட்டில், ரைஸ் குக்கர் நான்கும் ஓடினால் மிச்சத்தைத் தெனாகாவிடம் வாங்கித்தான் ஓட்டணும். ஒன்று முடிந்து ஒன்று.

கணக்கப்பிள்ளை:
அக்கா சொன்னதை வெள்ளியில் போடுகிறேன். 580 வாட் பேனல் 9 என்றால் 5.22 கிலோவாட். நம் பக்கத்து வெயிலுக்கு கிலோவாட்டுக்கு மாதம் 100 முதல் 120 யூனிட் என்று பொதுவாக எடுப்பார்கள். 550 என்று வைப்போம். புகைமூட்டம் வந்த மாதம் இன்னும் குறையும்.

ஆள் இருக்கிற வீடு: 250 உள்ளே, 300 வெளியே. 146.82 + 81.09 = சுமார் 228 வெள்ளி.

ஆள் இல்லாத வீடு: 120 உள்ளே, 430 வெளியே. மீட்டர் வழி 680 வரும். 651–700 படியில் கழிவு 5.5 காசு, ஆகவே 38.93 வீதம் 264.72, கூட அந்த 10 வெள்ளி. மிச்சம் 58.72. வெளியே போனதற்கு 116.23. மொத்தம் 175.

அதே பேனல், அதே வெயில், மாதத்துக்கு 53 வெள்ளி வித்தியாசம். 19,000 வெள்ளிக்குப் போட்டதாக வைத்தால் முதல் வீட்டுக்கு 7 வருடத்துக்குக் கொஞ்சம் கீழே, இரண்டாவதுக்கு 9 வருடம். பத்து பன்னிரண்டு வருடத்தில் ஒரு இன்வெர்ட்டர் (பேனல் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக்கும் பெட்டி) மாற்றுகிற செலவையும் மனதில் வையுங்கள்.

மாதம் 300 யூனிட் ஓடுகிற வீடாக இருந்தால் பில்லே 66 வெள்ளிதான். அவர்களுக்கு யாராவது சோலார் விற்கிறார் என்றால் அது அவருடைய கமிஷனுக்கு.

கூரைக்காரன்:
12 பேனல் சொன்னவர் எப்படி இணைக்கப் போகிறார் என்று கேளுங்கள். 580 வாட் பேனலின் திறந்த மின்னழுத்தம் 52 வோல்ட் அளவில் இருக்கும். 9 பேனலை ஒரே வரிசையில் கோத்தால் 468. சிங்கிள் பேஸ் இன்வெர்ட்டர் பெரும்பாலும் 600 வோல்ட் டி.சி. (பேனலிலிருந்து வரும் நேர்மின்சாரம்) தாங்கும், பிரச்சினையில்லை. 12-ஐயும் ஒரே வரிசையில் கோத்தால் 624. மழை ஓய்ந்து குளிர்ந்த கூரையில் திடீரென்று வெயில் அடிக்கிற நேரம் இன்வெர்ட்டர் போய்விடும், வாரண்டியும் கூடவே போய்விடும். 6, 6 என்று இரண்டு வரிசையாகப் பிரித்து இரண்டு உள்ளீட்டில் கொடுத்தால் சரி. ஆனால் 5 கிலோவாட் வரம்புக்கு 12 பேனல் என்பது 6.96. உச்சி வெயிலில் மேலே இருப்பதை இன்வெர்ட்டர் வெட்டிவிடும். அட்டாப்பில் அந்த யூனிட் 27 காசு என்னும்போது இது வீண்.

கூரைத் திசையைப் பற்றி நிறைய பயமுறுத்துவார்கள். நாம் பூமத்திய ரேகைக்கு மேலே 3 பாகையில் இருக்கிறோம். 10–15 பாகைச் சாய்வில் கிழக்கோ மேற்கோ சில விழுக்காடுதான் வேறுபாடு. இரண்டு பக்கமும் இடம் இருந்தால் நான் கிழக்குப் பக்கம் ஒன்றிரண்டு பேனலைக் கூட்டுவேன். இங்கே இடிமழை பெரும்பாலும் பிற்பகலில்தான் கட்டும். ஆனால் தோட்டத்து வேலை முடிந்து 2 மணிக்கு வீடு வந்து ஏர்கான் போடுகிற குடும்பம் என்றால் மேற்கையும் விடக்கூடாது.

ஓட்டுக் கூரையில் கெடுவது கொக்கி. ஓட்டின் அடியில் ஒரு சின்னப் பள்ளம் அரைத்து கொக்கி அதில் உட்காரணும். அரைக்காமல் அழுத்தினால் ஓடு கொஞ்சம் தூக்கி நிற்கும், ஆள் மிதிக்கும்போது விரிசல் விடும், ஆறு மாதம் கழித்து சீலிங்கில் மஞ்சள் வட்டம். புதுத் தாமான்களில் மரச்சட்டம் இல்லை, மெல்லிய இரும்புச் சட்டம். கொக்கியை ஓடு தாங்குகிற குறுக்குப் பட்டையில் திருகிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அது பேனலைத் தாங்கப் போட்டதல்ல. கீழே இருக்கிற முக்கியச் சட்டத்தில்தான் திருகு இறங்கணும். ஒரு பேனல் 28 முதல் 32 கிலோ, ஒன்பதும் சேர்ந்து 23 சதுர மீட்டர். விடியற்காலை சுமத்ரா பக்கமிருந்து சூறைக்காற்று அடிக்கும்போது பாரத்தைவிடத் தூக்குவிசைதான் வேலையைக் காட்டும்.

கசிந்த பிறகு சிலிக்கோன் பூசுவது ஒரு மழைக்காலத்து மருந்து. கொக்கியைக் கழற்றித் திரும்பப் போடச் சொல்லுங்கள்.

லயத்து வீடு:
எங்கள் தோட்ட டிவிசனில் பழைய லயத்துக் (தொழிலாளர் வரிசை வீட்டுக்) கூரை நெளி ஆஸ்பெஸ்டாஸ். அதில் போடலாமா? வீடு கம்பெனியுடையது, மின்சாரமும் கம்பெனி வழிதான் வருகிறது.

கூரைக்காரன்:
போடக்கூடாது. துளையிட்டால் நார் பறக்கும், நுரையீரலுக்கு ஆகாது. ஏறி நின்றாலும் உடையும். சொந்த வீடாக இருந்தால் முதலில் உரிய ஆளை வைத்துக் கூரையைக் கழற்றி மெட்டல் டெக் (உலோகத் தகடு) போட்டுவிட்டுத்தான் சோலார். கம்பெனி வீடு, தெனாகா கணக்கு உங்கள் பேரில் இல்லை என்றால் விண்ணப்பமே நகராது.

வயர்மேன் மாமா:
தம்பிங்க எல்லாம் கூரையிலேயே நிக்கிறீங்க. நான் கீழே இறங்கிச் சொல்றேன்.

தோட்ட ஓரத் தாமான்ல டிரான்ஸ்பார்மர் தூரம். வரிசைக் கடைசி வீட்டில சோலார் தள்ளும்போது வோல்ட் ஏறும். நம்ம ஊர் சப்ளை 230, மேலே 10 விழுக்காடு, கீழே 6. அதாவது 253 தாண்டினா இன்வெர்ட்டர் தானா விட்டுடும். நல்ல வெயில்ல 12 மணிக்கு நின்னு நின்னு வருது, ஆப்ல பார்த்தா மலை உச்சியை வெட்டின மாதிரி கோடு இருக்குன்னா பேனலைக் குறை சொல்லாதீங்க, வோல்ட்டைப் பாருங்க.

அதுல பாதி நம்ம வயர்லேயே இருக்கும். 5 கிலோவாட்டுக்கு 21.7 ஆம்ப். கார் போர்ச் சுவர்ல இன்வெர்ட்டர், பின்கட்டில டி.பி. (பியூஸ் பெட்டி), நடுவில 30 மீட்டர். 6 சதுர மி.மீ. செம்பு போட்டா போக வர 4 வோல்ட் ஏறும். 10 போட்டா 2.4தான். தெனாகா பக்கம் ஏற்கெனவே 250 நிக்கிற இடத்தில இந்த 1.6 வோல்ட்டுதான் ஓடுமா நிக்குமான்னு தீர்மானிக்கும். ஒப்பந்தத்துல வயர் அளவு எழுதி வாங்குங்க. வயரை மாத்தியும் நிக்குதுன்னா தெனாகாவுக்கு எழுதி டிரான்ஸ்பார்மர் டேப்பை (வோல்ட்டைக் கூட்டிக் குறைக்கிற படியை) பார்க்கச் சொல்லணும்.

அடுத்தது ஆர்.சி.சி.பி., கரண்டு கசிஞ்சா விழுற சுவிட்ச். பழைய வீட்டில மொத்த வீட்டுக்கும் ஒரே 100 மில்லிஆம்ப்தான் இருக்கும். இன்வெர்ட்டரை அதுக்குக் கீழே காலியா இருக்கிற எம்.சி.பி.ல (தனி சுவிட்ச்ல) மாட்டிட்டுப் போயிடறாங்க. டிரான்ஸ்பார்மர் இல்லாத இன்வெர்ட்டர் எப்பவும் கொஞ்சம் கசியும், மழையில கூடும். குளிர்பெட்டியோட சேர்த்து வீடே விழும். சோலாருக்குத் தனி வழி, தனி ஆர்.சி.சி.பி., வகை எதுன்னு இன்வெர்ட்டர் கையேட்டில போட்டிருக்கும், அதுதான்.

இடி நம்ம ஊர்ல சொல்ல வேண்டியதில்லை. டி.சி. பக்கம் ஒண்ணு, ஏ.சி. பக்கம் ஒண்ணு, வகை 2 இடிதாங்கிக் கட்டை. அதோட சின்ன ஜன்னல் பச்சையா இருக்கணும், சிவப்பானா தியாகம் ஆயிடுச்சுன்னு அர்த்தம், மாத்தணும். எர்த் 10 ஓமுக்குக் கீழே.

இன்னொண்ணு, தெனாகா கரண்டு போனா சோலாரும் போயிடும். கம்பியில வேலை செய்யிற ஆளைக் கொல்லக்கூடாதுன்னு அப்படித்தான் செஞ்சிருக்காங்க. பேட்டரியும் மாற்று வழியும் இல்லாம "பிளாக்அவுட்லயும் வீட்டு விளக்கு எரியும்"னு விற்கிறவன் பேச்சைக் கேக்காதீங்க.

செம்பனை ஆலை:
கடல், ஆலை இரண்டுக்கும் நான் சொல்கிறேன்.

பேனலைப் பொறுத்தவரை ஐ.இ.சி. 61701 உப்புப் பனிச் சோதனை தேறியதா என்று தரவுத்தாளில் பாருங்கள். பெரிய தயாரிப்பாளர்களிடம் இது சாதாரணமாக இருக்கும். துருப்பிடிப்பது பேனல் அல்ல, அதைப் பிடித்திருக்கும் சில்லறைச் சாமான்கள். பேனலைத் தாங்கும் தண்டவாளம் அனோடைஸ் செய்த அலுமினியம். போல்ட் எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) 304 என்று எழுதியிருப்பார்கள். கடற்கரையை ஒட்டிய வீட்டுக்கு 316 கேளுங்கள். சில நூறு வெள்ளிக்குள் முடிகிற வித்தியாசம். துத்தநாகம் பூசிய இரும்புத் திருகை அலுமினியத்தில் போட்டால் உப்பு ஈரத்தில் இரண்டும் மின்கலம் மாதிரி வேலை செய்து துத்தநாகம் கரைந்துவிடும். வெறும் செம்பு எர்த் கம்பியை மெட்டல் டெக் மேல் படுக்க வைப்பதும் அதே தப்பு. செம்பு மேல் ஓடி வருகிற மழைநீரே கூரையைத் தின்னும். பச்சை மஞ்சள் உறைபோட்ட கம்பி, தகரம் பூசிய லக் (கம்பி முனைப் பூட்டு).

இன்வெர்ட்டரைக் கடல் பார்த்த சுவரிலும் மேற்கு வெயில் சுவரிலும் வைக்காதீர்கள். சூடேறினால் தானே உற்பத்தியைக் குறைத்துக்கொள்ளும்.

ஆலைக் கொதிகலனில் செம்பனை நாரும் கொட்டை ஓடும் எரிக்கிறோம். அந்தக் கரி மழையில் சுத்தமாகப் போகாது, கண்ணாடியில் எண்ணெய்ப் பசையோடு படலமாக ஒட்டும். செம்மண் பாதைத் தூசி அதன் மேல் உட்காரும். சாய்வு 10 பாகைக்குக் கீழே என்றால் கீழ்ச் சட்ட ஓரத்தில் ஒரு கறுப்புக் கோடு கட்டும். கடைசி வரிசைச் செல்களை மறைப்பதால் கோட்டின் அகலத்தைவிட இழப்பு பெரிது. எலிக்காகத் தோட்டத்தில் வைத்திருக்கும் கூகைப் பெட்டிகளும் பக்கத்தில் இருந்தால் எச்சம் வேறு. மாதம் ஒருமுறை கழுவுங்கள்.

கூரைக்காரன்:
மாதம் ஒருமுறை என்பதில் எனக்கு உடன்பாடில்லை ஐயா. மாதாமாதம் ஆளை ஏற்றினால் அழுக்கில் இழப்பதைவிட ஓடு உடைந்து இழப்பது அதிகமாகும். ஆலைக் காற்று நேராக அடிக்காத இடத்தில் மழையே போதும், வருடத்துக்கு இரண்டு முறை பார்த்தால் சரி. ஆப்பில் ஒரே மாதிரி வெயில் நாட்களை ஒப்பிட்டு 5 விழுக்காடு குறைந்தால் ஏறலாம்.

செம்பனை ஆலை:
ஆலைக்குக் காற்றின் கீழ்ப்பக்கம் இருக்கும் வீட்டுக்குத்தான் மாதம் என்றேன். மற்றவர்களுக்கு நீங்கள் சொல்வது சரி. எப்போது கழுவினாலும் விடியற்காலை, வெறும் தண்ணீர், நீளக் கோலில் மெத்தென்ற தூரிகை. நடுப்பகலில் சுட்ட கண்ணாடியில் பச்சைத் தண்ணீர் அடித்தால் விரிசல் விடும். உயர் அழுத்தப் பீய்ச்சி ஆகவே ஆகாது. எலி வயரைக் கடிக்கும், மைனா அடியில் கூடு கட்டும். பேனலைச் சுற்றி வலை போடும்போதே போட்டுவிடுங்கள்.

தாமான்வாசி:
இந்தத் தாமானில் அடிக்கடி கேட்கிற ஒரு புகார். ராத்திரி மழை பெய்தால் காலையில் இன்வெர்ட்டர் சிவப்பு விளக்கு, "ஐசோலேஷன்" என்று ஏதோ பிழை. பத்து மணிக்குத் தானாக ஓடுகிறது. ஆள் வரும்போது ஒன்றும் இருப்பதில்லை.

வயர்மேன் மாமா:
கடலோரத்தில இதுதான் நம்பர் ஒண்ணு நோய். டி.சி. வயர் எங்கேயோ ஈரத்தோட எர்த்தைத் தொடுது. காய்ஞ்சதும் சரியாயிடுது. ஆளை வெயில் நேரத்தில கூப்பிட்டு எந்தப் பிரயோஜனமும் இல்லை, மழை விட்ட காலையில 8 மணிக்கு வரச் சொல்லுங்க.

இன்வெர்ட்டரை நிறுத்தி, டி.சி. ஐசோலேட்டரைத் திறந்து, பேனல் பக்கம் அளக்கணும். பிளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் நடுவில, சும்மா 9 பேனல், 450 வோல்ட்னு வைங்க. அடுத்து பிளஸ்–எர்த், மைனஸ்–எர்த். நல்ல வரிசையில ரெண்டும் நிலையா நிக்காது, மெல்ல இறங்கிடும். பழுதுன்னா நிக்கும். பிளஸ்–எர்த் 300, மைனஸ்–எர்த் 150ன்னு நின்னா, ஒரு பேனலுக்கு 50 வீதம் மைனஸ் முனையிலிருந்து மூணாவது பேனல் தாண்டி இருக்கிற இணைப்பு. நேரா அங்கே ஏறுங்க, ஒன்பதையும் கழட்ட வேண்டாம். சரி செஞ்ச பிறகு 500 வோல்ட் மெகர்ல (வயர் காப்பை அளக்கிற கருவியில) 1 மெகாஓமுக்கு மேலே வரணும். இதெல்லாம் கையுறையோட, பதிவு பெற்ற ஆள் செய்யிற வேலை. வீட்டுக்காரர் மல்டிமீட்டரோட இறங்காதீங்க, டி.சி. தீப்பொறி தானா அணையாது.

அங்கே போய்ப் பார்த்தா மூணுல ஒண்ணு இருக்கும். எம்.சி.4 (பேனல் வயரைக் கோக்கிற பிளக்) இணைப்பு ஓட்டு மேல தண்ணியில படுத்திருக்கும். இல்லைன்னா ஒரு கம்பெனி ஆணும் இன்னொரு கம்பெனி பெண்ணும் சேர்த்திருப்பான், பூட்டு விழும், ஆனா ரப்பர் வளையம் சரியா உட்காராது, உள்ளே சூடும் ஏறும். இல்லைன்னா வேலை நடக்கும்போது ரெண்டு நாள் மூடி போடாம மழையில விட்ட இணைப்பு, உள்ளே பச்சை பூத்திருக்கும். துடைச்சுத் திரும்ப மாட்டாதீங்க, வெட்டிப் புதுசா, உரிய கிரிம்ப் கருவியில. இடுக்கியால நசுக்கினது ஒரு வருஷம்கூட வராது.

அதனாலதான் கடலோரத்தில ஒவ்வொரு பேனலுக்கும் ஆப்டிமைசர் (பேனலைத் தனித்தனியா கட்டுப்படுத்துற சின்னப் பெட்டி) போடுறதை நான் ஆதரிக்கிறதில்லை. தென்னை நிழல் விழுந்தா சரி. நிழலே இல்லாத கூரையில அது இணைப்பை ரெண்டு மடங்காக்கும், அவ்வளவுதான்.

தாமான்வாசி:
நன்றி மாமா. பேட்டரியும் சேர்த்து வாங்கச் சொல்கிறார்கள், மிஞ்சினது அழியும் என்பதால்.

கணக்கப்பிள்ளை:
வெளியே 27.03-க்குப் போகிற யூனிட்டை இரவுக்கு வைத்து 44.43 மிச்சம் பிடித்தால், ஊக்கத்தொகைப் படியைக் கணக்கில் எடுக்காமல், யூனிட்டுக்கு 17.4 காசு. 5 யூனிட் பேட்டரியில் 4.5 புழங்கினால் நாளுக்கு 78 காசு, வருடத்துக்கு 286 வெள்ளி. படி மாறுவதைச் சேர்த்து இரண்டு மடங்கு என்றே வைத்தாலும், விலைப்பட்டியலில் பேட்டரிக்கு எவ்வளவு போட்டிருக்கிறார்கள் என்று 572-ஆல் வகுத்துப் பாருங்கள். வரும் வருடம் வாரண்டியைத் தாண்டினால் விட்டுவிடுங்கள். பேட்டரி பின்னால் சேர்க்கிற மாதிரி ஹைபிரிட் இன்வெர்ட்டர் எடுத்து வைப்பது வேறு விஷயம்.

மோரிப் அக்கா:
கையெழுத்துக்கு முன்னால் தெனாகா பில்லில் யார் பேர் இருக்கு பாருங்க தம்பி. நம்ம பக்கம் பாதி வீட்டில் தாத்தா பேர்தான் இன்னும் ஓடுது. பேர் மாற்றம் முதலில், அதற்கப்புறம்தான் விண்ணப்பம். போடுகிறவர் செடாவில் (சோலாரைக் கவனிக்கும் அரசு அமைப்பில்) பதிந்தவரா என்றும் பாருங்க. வேலை முடிந்ததும் வயர்மேன் கையெழுத்திட்ட ஜி, எச் படிவம் (வேலை முடிவு, சோதனைச் சான்று) இரண்டின் நகலும் கையில் இருக்கணும். தீக்காப்புறுதிக் கம்பெனிக்கும் கூரையில் சோலார் ஏறியதை எழுதிக் கொடுங்க.

தாமான்வாசி:
பில்லில் அப்பா பெயர்தான் இருக்கிறது. திங்கட்கிழமை தெனாகா கடைக்குப் போக வேண்டும். அதற்குள் மீட்டரை ஒரு வாரம் எழுதி, 8 மணி–6 மணிக் கணக்கை இங்கே போடுகிறேன். 12 பேனல்காரருக்குப் பதில் சொல்லியாகிவிட்டது.

கணக்கப்பிள்ளை:
ஞாயிற்றுக்கிழமையைத் தனியாகப் போடுங்கள், சராசரியில் கலக்காதீர்கள்.